சீசாவில் வைத்த ஆட்டுச் சதை

பிள்ளைகளா, உங்க ஆத்தா கழுத்தில் ரெண்டு தழும்பு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்று கட்டியால் வந்தது. இன்னொன்று என்னால் வந்தது. வாயால் சொல்லக் கூச்சமாயிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்போது புதுக்கோட்டையில் ராஜா ஆட்சிதான். ஒரு ஆஸ்பத்திரியில் நான் பியூன். பட்டணத்தில் படித்துவிட்டு ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நோயாளிக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. உடம்பிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன வியாதி என்று சொல்கிறவர். செத்தவர்களையும் அறுத்துப் பார்ப்பார்கள். பொம்பளை இந்த வேலை செய்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வந்த வருஷமே நர்ஸ்களையும் இளம் டாக்டர்களையும் உட்காரவைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். அலமாரி நிறைய சீசா, சீசா நிறைய சதை.

எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கையே இல்லை. சதையை எதற்குச் சேர்த்துவைக்க வேண்டும்? யாருக்கு விற்கிறார்கள்? சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தனக்குள் சிரிப்பார்கள். அதைப் பார்த்தால் நான் வெளியே போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்க ஆத்தாவுக்குக் கழுத்தில் கட்டி. புற்றா, சாதாரணக் கட்டியா என்று தெரிய வேண்டும். சின்னத் துண்டு வெட்டி எடுத்துச் சீசாவில் போட்டு அந்த அறைக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் வெட்டின நகத்தைக்கூட அந்நியர் கையில் விடமாட்டோம், செய்வினை வைத்துவிடுவார்கள் என்று. இது சதை. எப்படி விடுவேன்?

மத்தியானம் ஆள் இல்லாத நேரம் அந்தத் துண்டை எடுத்து, ஊருக்குப் போகிற வழியில் புதைத்துவிட்டேன். வெறும் சீசா இருந்தால் கேட்பார்கள் அல்லவா? கறிக்கடையில் ஆட்டுக் கழுத்துச் சதை கொஞ்சம் வாங்கி உள்ளே போட்டேன். அதோடு காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தச் சதையைப் பார்த்துத்தான் அவளுக்கு வைத்தியம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார்கள்.

"ஏப்பா, ஒன் சம்சாரத்துக்குக் கழுத்துல கட்டியா, தலையில கொம்பா?"

"என்னங்க டாக்டரம்மா?"

"சதையில ரெண்டு மயிர் ஒட்டியிருக்கு. மனுஷ மயிர் இல்ல. ஆடு."

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று பார்த்தேன். அவர்கள் முகம் வெளுத்துப்போனது.

"அவசரத்துல நான் ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தா, அது புத்தா இருந்து அந்தப் புள்ள செத்திருக்குமேப்பா. ஓடு, போய் எடுத்துட்டு வா."

ஓடினேன். நாய் தோண்டிப் போட்டிருந்தது. குழியில் ஒன்றும் இல்லை.

உங்க ஆத்தாவிடம் சொன்னபோது, "என் கழுத்தை நாய்க்குப் போட்டுட்டு வந்தீங்களா? ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க என்னைய" என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மறுபடி வெட்டினார்கள். அதுதான் ரெண்டாவது தழும்பு.

புற்று இல்லை என்று நாலு நாள் கழித்துச் சொன்னார்கள். முதலில் வெட்டின இடத்து வழியாகவே கட்டியை முழுசாக எடுத்தார்கள், அவள் தேறினாள், அப்புறம்தான் நீங்கள் பிறந்தீர்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பாடத்தில் மட்டும், "சீசாவுல இருக்கறது யாரோடதுன்னு முதல்ல சந்தேகப்படுங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பார்கள். பிற்பாடு பட்டணத்துக் காலேஜில் வாத்தியாராகப் போனபோதும் அதையே சொன்னார்களாம்.

ஆனால் முடிவு தெரியாத அந்த நாலு நாளில் முதல் நாளை நான் மறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு சீசா இருக்கிற அறையைப் பூட்டினேன். உள்ளே அவளுடைய ரெண்டாவது துண்டு. சாவி என் கையில். பயம் அப்போதும் விடவில்லை, கை பூட்டுப் பக்கமே போனது. டாக்டரம்மாவின் அறைக்குப் போய், அவர்கள் பூட்டிக்கொண்டு போயிருந்த கதவுக்கு அடியில் சாவியை உள்ளே தள்ளினேன். என் விரலுக்கு எட்டாத தூரம் போகட்டும் என்று ஒரு ஈர்க்குச்சியை எடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டேன்.