புறங்கையால் பூசுகிற மருந்து

மங்கின கண்ணாடி

ஜெயந்தி கையை உயர்த்தினாள். கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஒருவர் கையை உயர்த்தினால் ஒன்று, ஏதோ அகப்பட்டிருக்கிறது; இல்லையென்றால், ஏதோ பிழை. டீம் லீடர் தவம் பாதுகாப்புப் பாதையால் அவளை நோக்கி நடந்தார். நான் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

நான் அந்த டீமின் மெடிக். ஒன்றும் நடக்காத நாட்களில் மர நிழலில் கதிரை போட்டு இருப்பதும், நடந்தால் ஓடுவதும் என் வேலை. எங்கள் ஊரான பள்ளிமுனையில் அம்மா விசாரிப்பவர்களிடம், "மகன் டொக்டர் மாதிரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தா. மாதிரிதான்.

அந்த இடம் நறுவிலிக்குளத்துப் பக்கம், குளத்துக்குக் கீழே இருந்த வயல். யுத்தத்தில் கைவிடப்பட்டு முட்பற்றையாகிக் கிடந்தது. காணிக்காரர் திரும்பி வந்து ரோட்டோரத் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்து மண் சேறானால் வேலை நிற்கும். அவர்களுக்கு இன்னொரு போகமும் போய்விடும். தவத்தாருக்கு அந்த அந்தரம் எப்போதும் முகத்தில் தெரியும்.

"ஏன் பிள்ளை, என்ன கண்டனீர்?"

"ஒண்டும் காணேல்லை அண்ணை. வைசர் மங்கிப்போச்சு. துடைக்கத் துடைக்கக் கூடுது."

வைசர் என்பது முகத்தை முழுக்க மூடுகிற தடித்த பிளாஸ்டிக் கவசம். வெடித்தால் கண்ணுக்கும் காயத்துக்கும் இடையில் நிற்பது அது ஒன்றுதான். வேலை செய்யும் பாதைக்குள் அதை உயர்த்தவே கூடாது.

"வேர்வையா இருக்கும். சமாளிச்சு அந்தத் துண்டை முடியும் பாப்பம். மழை இருட்டுது."

"எனக்கு மண் வடிவாத் தெரியேல்லை அண்ணை. தெரியாத இடத்தில நான் கை வைக்கமாட்டன்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். கருவியைக் கீழே வைத்துவிட்டு, துப்பரவாக்கிய மண்ணில் மட்டும் காலை வைத்துப் பின்வாங்கி, ஓய்விடத்துக்கு வந்த பிறகே வைசரைக் கழற்றினாள். அதற்கு முன்னர் ஒரு நாள் நுளம்பொன்று அந்தக் கவசத்துக்குள் புகுந்து கன்னத்தில் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தபோதும் இதே ஒழுங்கில்தான் வெளியே வந்தவள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கன்னத்தில் அறைந்திருப்பேன். அதனால்தான் நான் கதிரையில் இருந்தேன், அவள் பாதைக்குள் இருந்தாள்.

நுளம்போடு பட்ட பாடு

காட்டு வழி நடக்கிறவன் நுளம்பு கடித்தால் சொறிந்துவிட்டு நடப்பான். முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுகிறவரின் கை திடுக்கிடக் கூடாது. குளத்தடி நுளம்புக்கு அது எங்கே விளங்கப் போகிறது. பற்றையில் உண்ணி வேறு.

நுளம்புச் சுருள் கொளுத்த முடியாது. அங்கே நெருப்பே கூடாது. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசினோம்; கைபிடி வழுக்கியது. சிட்ரனெல்லா எண்ணெய் நல்ல வாசம், ஆனால் முதல் வியர்வையோடு போய்விடும். கடைசியில் தவத்தார் எங்கேயோ தேடி, டீட் என்ற மருந்து அதிகம் சேர்ந்த போத்தல்கள் கொண்டுவந்தார். பூசினால் நுளம்பு கிட்டவும் வராது. டீமே அவரைக் கொண்டாடியது. ஒரு கிழமையாகச் சொர்க்கம்.

இப்போது ஜெயந்தியின் வைசரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். அழுக்கில்லை, ஆவியும் இல்லை. அவள் பிடித்துக் கழற்றுகிற ஓரங்களிலும், நடுவில் துடைத்த இடத்திலும் பிளாஸ்டிக்கே வெந்ததுபோல் இருந்தது. ஒரு பெருவிரல் அடையாளம் அப்படியே பதிந்து கிடந்தது. தவத்தார் போத்தலைத் திருப்பி வைத்து எழுத்துகளை வாசித்தார். பிளாஸ்டிக்கில் படக்கூடாது என்று அடியில் போட்டிருந்தது. மருந்து பூசின கையாலேயே எல்லோரும் கவசத்தைப் பிடித்திருக்கிறோம், துடைத்திருக்கிறோம்.

அந்த மனுசனை நான் அன்றைக்குத்தான் முழுதாக மதித்தேன். மழை இருட்டிக்கொண்டு நிற்க, காணிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, விசிலை ஊதி முழு வேலையையும் நிறுத்தினார். எல்லா வைசரையும் வெளிச்சத்துக்குப் பிடித்தார். இன்னும் சிலதில் அடையாளம் தொடங்கியிருந்தது. பிறகு ஜெயந்தியிடம் போய், "நீர் செய்ததுதான் சரி. நான் சொன்னது பிழை" என்றார், எல்லோருக்கும் கேட்க.

அடுத்த நாள் புது வைசர்கள் வந்தன. ஜெயந்தி தன் பாதையையே கேட்டு வாங்கிக்கொண்டு விட்ட இடத்தில் முழங்காலிட்டாள். கொஞ்ச நேரத்தில் கை உயர்ந்தது. அவள் முதல் நாள் நிறுத்திய இடத்துக்குச் சாண் தூரம் முன்னால், டின்பால் பேணி மூடியளவு வட்டம், மண் நிறத்திலேயே, ஒரு மிதிவெடியின் ஓரம் மட்டும் தெரிந்தது. மங்கின கண்ணாடியில் அது மண்தான். அவள் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மழை அதற்குப் பிறகும் சில நாள் பொறுத்தது. வயல் அந்தப் போகத்துக்கே காணிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மருந்துக்குப் பதில் பிக்காரிடின் என்ற மருந்தைக் கேட்டு எழுதினோம். அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, நுளம்பையும் நன்றாகவே விரட்டும். வந்து சேரச் சுணங்கியது. அதுவரை டீட்டைத்தான் பூசவேண்டும், கை கழுவத் தண்ணீரோ கட்டு மட்டு. ஜெயந்திதான் வழி கண்டுபிடித்தாள். போத்தலைப் புறங்கையில் கவிழ்த்து, புறங்கையாலேயே அடுத்தவளின் கழுத்தில் தேய்த்துவிட்டாள். உள்ளங்கை சுத்தமாகவே இருக்கும். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு தவத்தாரே பாதை வாசலில் நின்று, "கையைக் காட்டும்" என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஒவ்வொரு உள்ளங்கையையும் மணந்து பார்த்து அனுப்பினார்.

கடையில்

அதெல்லாம் நடந்து கனகாலம். இப்போது கொண்டச்சிப் பக்கம் பறவை பார்க்க நடந்து போகும் இளம் பெடியள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அங்கிள், எது வலு ஸ்ட்ரோங்?" நான் எரிந்து விழுவேன். எது நுளம்பை விரட்டும் என்பது பாதிக் கேள்வி. அது வேறு எதில் படப்போகிறது, உன் கமராவிலா, மூக்குக் கண்ணாடியிலா, அதையும் கேட்டுத்தான் வாங்கவேண்டும். உண்ணிக்குக் காற்சட்டையைச் சப்பாத்துக்குள் சொருகவேண்டும்.

போன மாதம் அவர்களுக்காக மன்னார்க் கடையொன்றில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எழுத்து எறும்பு மாதிரி ஓடியது. எனக்குக் கண் புகைச்சல். பின்னால் இருந்து ஒரு கை வந்து போத்தலை வாங்கியது. ஜெயந்தி. தலையில் நரை விழுந்திருந்தது.

"இஞ்ச தாங்கோ அண்ணை, நான் பாக்கிறன்."

வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்து, அடியில் கிடந்த ஆகச் சின்ன எழுத்து வரைக்கும் வாசித்தாள், மூக்குக் கண்ணாடி இல்லாமல்.

"டீட் இல்லை அண்ணை. பயப்பிடாமப் பூசுங்கோ" என்றாள்.

நான் என்னையறியாமல் புறங்கையைத்தான் நீட்டினேன்.