பழுதில்லாத மெஷின்

கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன கேட்பான்? 'எத்தனை வருஷம் உழைக்கும்?' என்று கேட்டேன். 'பத்து வருஷம்' என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

"ஊரே வாங்குறத வாங்கினா என்னங்க?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. ஊரே வாங்குவது சீக்கிரம் பழுதாகும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன்... நம்பினேன்.

போன மாதம் பாய் வந்தார். சிராங்கூன் சாலையில் என் டைப்பிங் கடை திறந்த நாளிலிருந்து, வாராவாரம் அவருடைய ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலை அடித்துத் தருகிறேன். கடை ஓடுவதே அந்த வேலையால்தான்.

"அந்தோணி, இனிமே தாள் வேணாம். டிஸ்க்குல குடு. ஆபீஸ்ல புது கம்ப்யூட்டர் போட்டாச்சு."

"நம்மகிட்டயும் கம்ப்யூட்டர் இருக்கே பாய்."

"அதுல அடிச்சத இது படிக்காதுங்கறாங்களே. எங்க ஆபீஸ்ல இருக்கிற புரோகிராமையே வாங்கிப் போட்டுடு. ரெண்டு வாரம் பாக்கறேன்."

சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். பிளாஸ்டிக் பையில் ஒரு டிஸ்க், ஜெராக்ஸ் எடுத்த புத்தகம் வாங்கினேன். பாய் ஆபீஸில் இருக்கும் அதே புரோகிராம். கடையில் இருந்த தமிழ்ப் பையனிடம் எல்லாவற்றையும் விசாரித்தேன். வெயில் பட்டால்? ஈரம் பட்டால்? காந்தம்? வளையாமலிருக்க ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, பஸ்ஸில் இன்ஜினுக்குத் தள்ளி உட்கார்ந்து கடைக்குக் கொண்டுவந்தேன்.

டிஸ்க் கச்சிதமாக உள்ளே போனது. திரையில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. அகராதியை வைத்துப் படித்தேன். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியாது என்கிறது!

கேசட் என்றால் எந்த ரேடியோவில் போட்டாலும் பாடுகிறதே? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் திரும்ப ஓடினேன். என் மெஷினின் பெயரைக் கேட்டதும் பையன் தலையில் கை வைத்தான்.

"டிஸ்க் ஒரே சைஸ்தான் அங்கிள். சிஸ்டம் வேற லா. என்ன மெஷின்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே தம்பி."

"எல்லாரும் ஒண்ணேதான் வச்சிருக்காங்க, யார் கேப்பா? உங்க மெஷினுக்கு இப்ப யாரும் புரோகிராம் எழுதறதில்ல. வாங்க ஆள் இல்லன்னு எழுதறதில்ல. எழுதறதில்லன்னு யாரும் வாங்கறதில்ல."

இதில் நான் எங்கே நிற்கிறேன்? அந்த மாடியில் இன்னும் ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சிரித்தார்கள். ஒரு கடையில் அனுதாபப்பட்டார்கள் – அதுதான் கூடுதலாக வலித்தது.

இரண்டாவது வாரம் பட்டியலைத் தாளிலேயே அடித்து எடுத்துக்கொண்டு பாய் ஆபீஸுக்குப் போனேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. நான்கு முறை சரிபார்த்திருந்தேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார். "முத்து முத்தா இருக்கு அந்தோணி. ஆனா இத வச்சு நா மறுபடி ஒரு ஆள உக்காரவச்சு அடிக்கணுமே?"

டீ வாங்கிக் கொடுத்தார். வேலையை என் கடைக்கு இரண்டு கடை தள்ளி டைப்பிங் செய்பவரிடம் கொடுத்துவிட்டார். அவர் அடிப்பதில் வரிக்கு ஒரு பிழை. ஆனால் மெஷின் ஊரோடு ஒத்தது!

பயந்து பயந்து தேர்ந்தெடுப்பவன் தப்பித்துவிடுவான் என்று எவன் சொன்னான்? எது உடையும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எது தனியாக நிற்கும் என்று பார்க்கவில்லை.

பழுதாகியிருந்தால் திட்டிவிட்டாவது தூக்கிப் போட்டிருப்பேன். பாழாய்ப் போனது, இன்று காலையிலும் சுவிட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது.