இந்தியா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவர்

செய்தி வந்தபோது சலூனில் என் தலைக்குப் பாதி டை பூசியாகியிருந்தது. வெட்கம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அன்று மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் முழுவதும் என்னை இடது பக்கம் கறுப்பாகவும் வலது பக்கம் வெள்ளையாகவும் பார்த்தது. "தங்கராஜ் அண்ணன் போயிட்டாருடே, நெஞ்சுவலி" என்று போனில் சொன்னார்கள். அப்படியே எழுந்து ஓடினேன். அவர் கண் திறந்து பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் ஹாக்கி ஆடிய மைதானம் கல்லும் குழியுமாக இருக்கும். பந்து எங்கே குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அது குதிக்கும் இடத்தில் அவர் மட்டை முன்பே போய் நிற்கும். எதிராளி காலடியில் கிடக்கும் பந்தை மட்டையின் வளைவால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய்விடுவார். அவன் அதற்குப் பிறகுதான் குனிவான். இந்திய அணிக்குப் போகப்போகிறவர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பதினெட்டு வயதிலேயே அவரை "இந்தியா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அணிக்கு ஆள் எடுக்கும் பெரிய தேர்வுக்கு அழைப்பு வந்தது. கூட்டமாக ரயிலேறி உடன் போனோம். பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற மைதானத்தை அன்றுதான் முதலில் பார்த்தோம். அங்கே பந்து குதிக்கவே இல்லை. குதிக்கும் என்று அண்ணன் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் பந்து அடியில் புகுந்து போய்க்கொண்டேயிருந்தது. பாதியில் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதன்பிறகு எந்த அழைப்பும் வரவில்லை.

திரும்பும் ரயிலில் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"பந்து நேரா வருதுல. நேரா வந்தா என்ன செய்யணும்னு எனக்கு யாரு சொல்லித்தந்தா?"

சிரித்துவிட்டோம். இறங்கும்போது பழக்க தோஷத்தில் நான், "இந்தி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். இனி அந்தப் பெயர் வேண்டாம் என்று மற்றவர்கள் கண்ணைக் காட்டினார்கள். அண்ணன் திரும்பினார்.

"ஏன்ல முழுங்குத? கூப்பிடு. நீங்க நிறுத்துனாத்தாம்ல நான் தோத்தவன்."

சாகும்வரை கூப்பிட்டோம். தோல் பை தைக்கும் பட்டறையில் டெம்போ ஓட்டினார். தாராவிச் சந்துகளில் குழி வரும் முன்பே அவர் வண்டி ஒதுங்கும். புதிதாக வந்த பையன்கள் கேலியாகவே கேட்பார்கள்: "என்ன இந்தியா, எந்த வேர்ல்டு கப்புல ஆடினீங்க?"

"எங்கடே எடுத்தாங்க? எடுத்திருந்தா இப்ப உனக்கு யாரு டீ வாங்கித் தருவா? உக்காரு."

அவர் முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. என் நரையை யாராவது சொன்னாலே எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்த டை எல்லாம். அவர் அத்தனை பெரிய தோல்வியைப் பெயராகவே வைத்துக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு திரும்பினார். அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்!

அஞ்சலி பேனரில் அந்தப் பெயரைப் போடலாமா என்று தயங்கினோம். செல்லம் அண்ணி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போடுங்க தம்பி. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே மாப்பிள்ள பேரு இந்தியான்னுதான் சொன்னாவ. வெறும் தங்கராஜுன்னு போட்டா யாரு வருவா?"

போட்டோம். சந்து கொள்ளாத கூட்டம் வந்தது.

பாடையில் அவர் பக்கத்தில் மட்டையை வைத்தோம். வளைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பாத்துப் போங்க, இந்தியா" என்று சொல்லி நானும் தோள் கொடுத்தேன். சந்து திரும்பும்போது, எதிர்வீட்டுச் செல்வி அக்கா காயப்போட்டிருந்த நைட்டியை அந்த முனை கொக்கி போட்டு இழுத்துக்கொண்டது. சுடுகாட்டில் இறக்கும்வரை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் துவைத்துக் கொடுத்தோம். துணி கிளிப் ஒன்று கிடைக்கவில்லை.