உள்ளங்கைச் சீனி

கண்டியில் வேலை பார்க்கும் என் மகள் சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தாள். ஒரே ஓர் உலர்ந்த திராட்சையை ஐந்து நிமிடம் வாயில் வைத்து, அதன் ருசியை மட்டும் நினைத்தபடி மெல்லத் தின்னப் பழக்கினார்களாம். தேவைக்கு மேல் எதையும் நுகரக் கூடாது, நாளுக்கொரு சின்னச் சந்தோஷத்தை எழுதி வைக்க வேண்டும், இப்படி ஒரு வருடம். எனக்கும் ஒரு கொப்பி வாங்கி வந்திருந்தாள். “நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளாச்சே அம்மா” என்றாள்.

உண்மைதான். முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, கட்டுகஸ்தோட்டை பஸ் எவ்வளவு பிந்தியது, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் அதில் இருக்கும். சந்தோஷத்தை மட்டும் எழுதுவதில்லை. ஒன்பது வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் எழுதியிருக்கிறேன். அது போதும்.

அரிசிக்கும் மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், ஒற்றைக் காம்பரா அறையில் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தங்கச்சி. வாரத்துக்கு மூன்று நாள்தான் தோட்டத்தில் வேலை. கூப்பனுக்குக் கிடைத்த சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கினால் போன இடம் தெரியாது. அதனால் லயத்தில் எல்லோரும் செய்வதுபோல, சீனியை உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு குடிப்போம்.

அப்பா அதை விளையாட்டாக்கினார். நக்குவதற்கு முன்னால் ஒவ்வொருவராக அன்றைக்கு நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். “கங்காணி இன்னைக்கி என்னைய ரெண்டு தடவதான் ஏசினாரு” என்று அவரே தொடங்கி வைத்தார். “எனக்கு வெறகு நனையல” என்றாள் அம்மா. ரொட்டிக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. வாயிலிட்ட துண்டு தித்திக்கும் வரை மென்றுகொண்டே இருக்க வேண்டும். கடைசியாக விழுங்குபவருக்கு வெற்றி. மகள் வகுப்புக்குப் போய்ப் படித்து வந்ததில் எங்களுக்குத் தெரியாதது திராட்சை ஒன்றுதான்.

சீனி இருந்த தகரப் பேணி என் பொறுப்பு. நல்ல காரியங்களை எழுதி வைப்பதும் நான்தான். பள்ளிக் கொப்பியின் பின்பக்கங்களில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நாலு பேருக்கும் நாலு நிரல் பிரித்திருந்தேன். “எங்க வீட்டுக் கணக்கப்புள்ள” என்று அப்பா கூப்பிடும்போது எனக்குத் தலை நிமிரும்.

தங்கச்சியால்தான் தொல்லை. இன்றைக்கு உனக்கு என்ன நல்லது என்று கேட்டால், “சீனி” என்பாள். மறுநாள் கேட்டாலும் சீனி. மற்ற நிரல்களில் விறகும் வெயிலும் பலாக்கொட்டையும் மாறி மாறி வர, அவள் நிரல் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்லாக இருந்தது. பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் சட்டம் போட்டேன்: சொன்னதையே சொன்னால் பாதிச் சீனிதான்.

“பச்சப் புள்ளைக்கி என்னடி தெரியும்?” என்றாள் அம்மா.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

“அடியாத்தி, இவளுக்குத் தொரையே தேவல போல!” என்று அப்பா சிரித்தார்.

அவர் சிரித்ததில் சட்டம் நிலைத்துவிட்டது. அம்மா தன் உள்ளங்கையைத் தங்கச்சியிடம் மெல்ல நீட்டுவாள். அதையும் கண்டுபிடித்தேன். ஒருவர் கையை மற்றவர் நக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது.

மழைக்காலத்தில் மூன்று நாள் வேலை இரண்டானது. மாவும் வரவில்லை. அம்மா பறித்துவரும் கீரையை உப்புப் போட்டு அவித்துத் தின்றோம். தங்கச்சி நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். அவள் முகமும் கால்களும் உப்பியிருந்தன. “இப்பதான் புள்ள பூசினாப்ல இருக்கா” என்று பக்கத்துக் காம்பரா அக்கா அம்மாவுக்குச் சொன்னதைக் கேட்டு, அன்றைய நல்ல காரியமாக அதை என் நிரலில் எழுதினேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மழை நாலு மணிக்கு விட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் சொல்லி முடித்தார்கள். தங்கச்சி அம்மாவின் மடியில் படுத்திருந்தாள்.

“சீனின்னு சொல்லக் கூடாது” என்று எச்சரித்தேன்.

நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இன்னைக்கி பசிக்கல.”

எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. “பாத்தியா, யோசிச்சா வருதுல்ல!” என்று கூவினேன். அவள் நிரலில் அதை அழகான எழுத்தில் எழுதினேன். பேணியைத் திறந்து, ஒரு முழுக் கரண்டிச் சீனியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல்களை மடக்கவில்லை. கை சரிந்து சீனி தரையில் கொட்டியது.

“வீணாக்குறா பாருங்க!” என்று கத்தினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. தரையிலிருந்த சீனியை விரலால் ஒற்றி அவள் உதட்டில் தேய்த்தாள். “நக்கு சாமி. கொஞ்சூண்டு நக்கு.” தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா கம்பளியால் அவளைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து மருந்துக்காரர் வீட்டை நோக்கி ஓடினார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேயிலைக்கு மேலே, கற்பாறை ஓரத்தில் புதைத்தோம். அப்பாவோ அம்மாவோ அந்தப் பாதிச் சீனிக்காக ஒரு நாளும் என்னை ஏசவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி ஏசவும் ஆளில்லை. அவள் உடம்பில் கண்டது சதையல்ல, பட்டினி வீக்கம் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு கரண்டியில் பாதி ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருக்காது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தும் ஒன்றும் குறையவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை இவை எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், என் முறை வருவதற்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள் என்பது. மூன்று பேருடைய தேத்தண்ணியும் ஆறிக்கொண்டிருந்தது. தரையில் மிஞ்சிய சீனியை வீணாக்காமல் விரலால் ஒற்றி ஒற்றித் தின்றேன். என் நிரலில், ‘தங்கச்சி சட்டத்தை மீறவில்லை’ என்று எழுதினேன். பிறகு வாசலில் நின்று, அவர்கள் போன பாதையைப் பார்த்தேன். பசிக்காமல் இருப்பது நல்ல காரியம்தானே, அதற்கு ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.