கடைசியாக வரும் பெயர்

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய நோர்பரியில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் குடியிருந்த அயர்லாந்துப் பெண்மணியை நான் ஐரிஷ் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தார். வேலையில்லாத நாட்களில் தோட்டத்தில் உடுப்புக் காயப்போடும்போது தான் எழுதிய கவிதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். யாருக்கு என்று இல்லை. கொடியில் தொங்கும் ஈரப் போர்வைக்குச் சொல்வது போல இருக்கும்.

இந்தப் பக்கத்தில் உடுப்புக் காயப்போடுகிறவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதிகம் பேசமாட்டார். 'ஓம்', 'ஏலாது' என்ற சொற்களை வைத்தே ஒரு முழு நாளையும் ஓட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னை வேலியோரம் இழுத்துக்கொண்டு போய், "அந்த மனுசி என்ன சொல்லுறா எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்களில் அரசரும் யானைகளும் இருந்தார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக் கவிதைகளில் கடலும் கப்பலும் வந்தன. ஐரிஷ் அன்ரியின் கவிதைகளிலோ அடிப்பிடித்த கஞ்சிச் சட்டி வந்தது. பிள்ளைக்குப் பேன் பார்க்கும் தாய் வந்தாள். ஈரக் கம்பளிச் சட்டையை அடுப்பின் முன்னால் விரித்துப் போடுவதைப் பற்றியே ஒரு முழுக் கவிதை இருந்தது. இதையெல்லாம் ஒருவர் மெனக்கெட்டு எழுதுகிறார், இன்னொருவர் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கிறார். வளர்ந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று முடிவு செய்தேன்.

உடுப்பைப் பிழியும் கை அப்படியே நிற்க, சித்தி கேட்பார். முடிந்ததும், "திருப்பிச் சொல்லு" என்பார்.

ஒரு கவிதையை மட்டும் அவர் விடவே இல்லை. ஐரிஷ் அன்ரியின் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவர் கடைக்குட்டி. தாய் கையில் மாவோடு சமையலறை வாசலில் நின்று அவரைக் கூப்பிட வெளிக்கிட்டால், மூத்தவனில் தொடங்கி எல்லாருடைய பெயரையும் சொல்லிமுடித்துக் கடைசியாகத்தான் அவர் பெயருக்கு வருவாராம். எனக்கென்று ஒரு பெயர் இல்லையா, நான் வரிசையின் வால்தானா என்று சிறுமி கோபித்துக்கொள்வாள். இப்போது அந்தத் தாய் இல்லை. மற்றப் பெயர்களோடு சேர்த்துக் கூப்பிட ஆளில்லாததால் தன் பெயர் தனித்துப்போய் நிற்கிறது என்று சொல்லி, அந்தப் பெயரோடேயே கவிதை முடியும்.

குளிர் தொடங்கிய நாட்களில், உள்ளூரில் எழுதுகிறவர்கள் வாசிக்கும் கூட்டம் ஒன்று நூலகத்தில் ஏற்பாடாயிற்று. ஐரிஷ் அன்ரியும் வாசிப்பதாக இருந்தது. சமையலறையைப் பற்றி எழுதுவதெல்லாம் கவிதையா என்று முன்பு யாரோ கேட்டுவிட்டதால், அதுவரை அவர் ஆட்களுக்கு முன்னால் வாசித்ததே இல்லை. "நீங்கள் வந்தால் தெரிந்த முகமாவது இருக்கும்" என்று வேலிக்கு மேலால் எட்டி அழைத்தார். அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டார். சித்தி தன்னிடமிருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டி, மேலே அம்மாவின் பழைய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

ஐரிஷ் அன்ரி நன்றாகத்தான் தொடங்கினார். கஞ்சிச் சட்டிக்கு ஆட்கள் சிரித்தார்கள். கம்பளிச் சட்டைக்கு முன்வரிசைக் கிழவர் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அது பெரிய ஆச்சரியம். பிறகு பெயர்க் கவிதை. அண்ணன்மார், அக்காமார் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தவர், தன் பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுபோனார்கள். அவர் தலையை ஆட்டி, மன்னிக்கச் சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கப் பார்த்தார்.

சித்தி எழும்பினார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக முன்னே போய், ஐரிஷ் அன்ரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"என்ர அம்மா கையெல்லாம் மாவோட குசினி வாசல்ல வந்து நிண்டு கூப்பிடுவா" என்று தமிழில் தொடங்கினார்.

எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அது என் மொழிபெயர்ப்புத்தான், ஆனால் நான் சொன்னது போல இல்லை. நான் பாடப்புத்தகத் தமிழில், 'தாய் வாசலில் நின்று அழைத்தாள்' என்று ஒப்பித்திருந்தேன். சித்தி சொன்னபோது மாவு நிலத்தில் கொட்டியது. பெயர்கள் வந்த இடத்தில் அவர் குரலை உயர்த்தி, நாலு வீட்டு வளவு தாண்டிக் கேட்கும்படி கூப்பிட்டார். முதலில் என் அம்மாவின் பெயர். பிறகு ஓர் ஆண் பிள்ளையின் பெயர். பிறகு இன்னோர் ஆண் பிள்ளையின் பெயர். கடைசியில் தன் பெயர். பக்கத்திலிருந்த அம்மா என் மணிக்கட்டை நோகும்படி இறுக்கிப் பிடித்தார். அம்மாவுக்கும் என்னைப் போலவே வெட்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஐரிஷ் அன்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெயர்கள் வருவதைக் கண்டுகொண்டார். சித்தி முடித்ததும், அவர் நிமிர்ந்து தன் பெயரைச் சொன்னார். உரத்து, தெளிவாக. கவிதை முடிந்தது. பிறகு அந்தச் சின்ன அறை அதிரக் கைதட்டினார்கள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றார்கள். அந்த இருவரையும் விட உயரமான பெண்களை நான் அதற்குப் பிறகு எங்கும் கண்டதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சித்தியைத் திருத்தினேன்.

"சித்தி, நீங்கள் பிழையாச் சொல்லிப்போட்டியள். நீங்களும் அம்மாவும்தானே பிள்ளையள்? ரெண்டு பேரைக் கூடச் சொல்லிட்டியள்."

"இல்லைப் பிள்ளை" என்றார் சித்தி. "அம்மா அப்பிடித்தான் கூப்பிடுறவ."

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒருபோதும் கேட்டிராத அந்தப் பெயர்களை நான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கவிதை நீளமாக வரவேண்டும் என்று சித்தி இட்டுக்கட்டியிருக்கிறார், அதிலும் நல்ல பெயர்களாகப் பார்த்து வைத்திருக்கிறார் என்று அவரை மெச்சிக்கொண்டேன்.