சக்கரை இருக்குதுங்களா?

எங்கள் கம்பெனியில் டீ கொண்டுவரும் அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கும் கூடத்தில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. ஸ்டோர்ஸ் வாசலில் நின்று "ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டால் கணபதி பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வியில் குற்றமில்லை. வேலை செய்கிறவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் வந்துகொண்டிருந்ததைப் பார்த்து முதலாளி கவலைப்பட்டு, எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். அதன் பிறகு கேண்டீனில் போண்டா நின்றது, சுண்டல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் சோறு குறைந்து கீரையும் பொரியலும் கூடின. டீக்கு இரண்டு கேன். சிவப்பு மூடி போட்டதில் சர்க்கரை உண்டு, பச்சை மூடியில் கிடையாது. ஒரு குறையும் சொல்ல முடியாத ஏற்பாடு. யாருக்கு எந்த டீ என்பதை எப்படிக் கேட்பது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் நோய்க்கும் சக்கரை என்றுதான் பெயர், டம்ளரில் போடுவதற்கும் அதே பெயர். இருக்கிறவருக்குப் போடக் கூடாது, இல்லாதவருக்குப் போட வேண்டும்.

எனக்கு இருந்தது, பல வருஷமாக. மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிட்டு வருவேன். பரிசோதனை முடிவை ஒட்டிய கவரில் கொடுத்தார்கள். அதைப் பிரிக்காமல் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டேன். ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் குறைந்தாலும் ஊரைக் கூட்டிச் சத்தம் போடுகிறவன் நான். எனக்கு ஒரு குறை என்று வந்தபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கேன் வந்த முதல் நாள், என் மேஜைக்கு எதிரில் டிஸ்பாட்ச் பார்க்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவிநாசிப் பக்கத்துக்காரர், சாது. அவர் மகனுக்கு என் மகளைப் பேசிக்கொண்டிருந்தோம். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், பதில் இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் சம்பந்தம் பேசும்போது தோட்டம் எத்தனை ஏக்கர் என்று விசாரிப்பார்கள். இப்போது "அவிய ஊட்டுல சக்கரை இருக்குதாமா?" என்பதையும் சேர்த்து விசாரிக்கிறார்கள். அப்பனுக்கு இருந்தால் நாளைக்குப் பெண்ணுக்கும் வருமே என்ற கணக்கு.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து நின்றார். "ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?"

"இல்லீங்க்கா" என்றேன்.

சிவப்பு மூடி திறந்தது. எதிரில் இருந்தவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். அன்றைக்கு அவரும் சிவப்பு மூடி டீயே வாங்கிக்கொண்டார்.

நிச்சயம் ஆகட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நிச்சயமும் ஆனது. அப்போதுதான் புரிந்தது, இனிமேல் பச்சை மூடிக்கு மாறினால் இத்தனை நாள் சொன்னது பொய் என்றாகிவிடும். சம்பந்தி ஆனவர் முன்னால் பொய்யனாக நிற்பதா? அதனால் தினமும் காலையிலும் சாயங்காலமும் அவரெதிரே உட்கார்ந்து அந்தத் தித்திப்பைக் குடித்தேன். யாராவது கல்யாணப் பத்திரிகையோடு லட்டு நீட்டினால் முதல் ஆளாக எடுத்தேன். வீம்பு என்று இதைத்தான் சொல்வார்கள்.

வீட்டில் மகள் விடமாட்டாள். "ஏனுங்ப்பா, பச்சை மூடி டீதான குடிக்கறீங்க?"

"ஆமா கண்ணு."

மாத்திரையின் அளவு கூடியது. பாதம் எரிந்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை, எரியத்தான் செய்யும் என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

கல்யாண வேலை மும்முரமாக இருந்த சமயம் டிஸ்பாட்சில் ஒரு மரப்பெட்டி சரிந்து சம்பந்தியின் காலில் விழுந்தது. பெரிய காயமில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டியபடியே வந்தார். ஆறிப்போகுமுங்க என்றார். ஆறவில்லை. ஒரு வாரம் ஆள் வரவில்லை, பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. பெருவிரலை எடுத்துவிட்டார்களாம். சர்க்கரையாம். அவருக்கும் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பார்க்கக் கிளம்பினேன். பழம் வாங்கலாமா என்று கடை வாசலில் நின்று யோசித்து, எதை வாங்கினாலும் தப்பாகத் தோன்றி, வெறுங்கையோடு போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு "வாங்க, உக்காருங்க" என்றார். கல்யாணத் தேதியைத் தள்ள வேண்டாம், தடி ஊன்றிக்கொண்டாவது மணவறைக்கு வந்துவிடுவேன் என்றார் அவர். நான்தான் பேச்சைச் சர்க்கரைப் பக்கம் கொண்டுபோனேன்.

"ஏனுங்க, உங்களுக்கு இருக்கறது முன்னாடியே தெரியாதுங்களா?"

"கம்பெனில ரத்தம் எடுத்தாங்கள்லங்க, அப்பத்தான் தெரிஞ்சுது. சக்கரையை நிறுத்தோணும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்பறம் ஏனுங்க நிறுத்தலை?"

சங்கடப்பட்டார். போர்வையை இழுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டார். "உங்களைப் பாத்துத்தானுங்க" என்றார்.

என்னைப் பார்த்தா என்று கேட்டேன்.

"உங்களுக்கு ரொம்ப வருசமா இருக்குதுன்னு உங்க பொண்ணு அம்மணியே சொல்லிப்போட்டாளுங்க. பொண்ணு பாக்க வந்தமே, அன்னிக்கே. இவ சமையலறையில அம்மணிகிட்டக் கேட்டுருக்கறா, எங்கப்பாவுக்கு சக்கரை இருக்குதுங்க, தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்கன்னு சொன்னாளாமுங்க. அந்த நேர்மை எங்களுக்குப் புடிச்சுது. இத்தன வருசமா வெச்சுக்கிட்டு நீங்க ரெண்டு வேளையும் சக்கரை போட்டுக் குடிக்கறீங்க, லட்டு திங்கறீங்க, கல்லாட்ட இருக்கறீங்க. டாக்டருங்க சும்மா மெரட்டறாங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க."

அவர் குற்றம் சொல்லவில்லை. குரலில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. டம்ளர் டீயால் மட்டும் விரல் போகாது, புண்ணைக் கவனிக்காமல் விட்டதுதான் பெரிய தப்பு என்று டாக்டரே சொன்னதாக அவரே எனக்குச் சமாதானமும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். போர்வைக்கு வெளியே அந்தக் கட்டு தெரிந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அவ்வளவு கூச்சத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

என் மகள் முதல் நாளே சொன்னதை நான் மாதக்கணக்கில் மறைத்திருக்கிறேன், அதுவும் எல்லாம் தெரிந்தவரிடமே. "இல்லீங்க்கா" என்று நான் ஒவ்வொரு முறை சொன்னபோதும் அவர் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அவர் மனைவி பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். சர்க்கரை டப்பாவில் ஸ்பூனை விட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்களுக்கு சக்கரை..." என்று ஆரம்பித்தார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இந்த முறை உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு டப்பாவை மூடினார். சர்க்கரை போடாத காபியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.