கோருபவர்: சுப்ராய பட்

“சிவப்பா, மஞ்சளா?”

காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, சொட்டும் குடையை மடக்கியபடியே சுப்ராய பட் கேட்கிறார். மறுமுனையில் கணக்குப் பிரிவு பாகீரதி. அடுத்த மேசையில் இருக்கும் எனக்கே அவள் குரல் கேட்கிறது.

“எல்லாம் போச்சு பட்ரே! பேங்க் பக்கமே வர மாட்டேங்குது!”

“எல்லாம் போகலை தங்கி. என்ன கலர்னு மட்டும் சொல்லு. மூடாதே, திட்டாதே, வாசி.” தங்கி என்றால் கன்னடத்தில் தங்கச்சி.

வாசிப்பதுதான் எங்கள் பாக்கு விவசாயிகள் சங்கத்தில் யாருக்கும் வராது. திரையில் எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் கரப்பான்பூச்சியை அடிப்பதுபோல அதை அடித்து மூடிவிட்டு பட்டைக் கூப்பிடுவார்கள். அதனால் அவர் எல்லாவற்றையும் நிறத்துக்குச் சுருக்கி வைத்திருக்கிறார். சிவப்பு வந்தால் எங்கள் காவல் மென்பொருள் மறித்திருக்கிறது. மஞ்சள் வந்தால் அந்தத் தளத்தின் சான்றிதழில் ஏதோ கோளாறு, அல்லது நம் கணினியில் தேதி தப்பு. வெறும் வெள்ளை என்றால் சிர்சி மழையில் எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. பாகீரதிக்கு வந்தது மஞ்சள். மின்சாரம் போய் வந்ததில் அவள் கணினி பத்து வருஷம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. தேதியைத் திருத்தியதும் வங்கி வந்துவிட்டது. “நீ இன்னும் காலேஜ்ல இருக்கே தங்கி, பேங்க் எப்படி உள்ள விடும்?” என்றார் பட். சிரிக்காமல்தான் சொன்னார். சிரிப்பதற்கு அவருக்கு நேரமில்லை, பயப்படவே சரியாக இருக்கும்.

ஒல்லியான உடம்பு, ஐம்பத்திரண்டு வயது. சட்டைப் பையில் இரண்டு கைபேசிகள், வயிற்றெரிச்சல் மாத்திரை ஒரு அட்டை. யார் கூப்பிட்டாலும் முதலில் வராந்தாவுக்குப் போய், அதே முகவரியைத் தன் கைபேசியில் திறந்து பார்ப்பார். அங்கே திறந்து இங்கே திறக்கவில்லை என்றால் குற்றம் நம் வீட்டுக்குள். பிறகு எந்தக் கணினி, எந்தப் பக்கம், மென்பொருள் என்ன காரணம் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும், அந்த ஒரு கணினிக்கு மட்டும் வழி விடுவார். “இத்தனை எதுக்கு மாராயா? அந்தச் சனியனை அணைச்சுப் போடேன்” என்று யாராவது சொன்னால் முகம் வெளுத்துவிடும்.

காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சங்கத்து இயக்குநர் ஒருவர், மச்சினன் கல்யாண வீடியோ திறக்கவில்லை என்று, “அஞ்சு நிமிஷம் அணைச்சு வை” என்றார். பட் அணைத்தார். அந்த ஐந்து நிமிஷத்தில் எதுவோ உள்ளே வந்துவிட்டது. மறுநாள் காலையில் சங்கத்தின் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒன்பது நாள் ஏலக்களம் மூடிக்கிடந்தது. மூட்டை ஏற்றிய வண்டிகள் தெருமுனை வரை நின்றன. இயக்குநரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கம் கேட்கும் கடிதம் பட்டுக்குத்தான் வந்தது. இனி எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு பக்கத்தையும் திறந்துவிடமாட்டேன், தவறினால் வேலையை விட்டு நீக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

புதிதாக வாங்கிய மென்பொருள் மகா கண்டிப்பு. வந்த வாரமே பாக்கு என்ற சொல் இருந்த பக்கங்களை எல்லாம் போதைப்பொருள் என்று மறித்தது. பாக்குச் சங்கத்தில் பாக்கு விலை பார்க்க முடியவில்லை. எங்கள் சங்கத்தின் சொந்தப் பக்கமே சிவப்பாக வந்தது. பட் அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். ‘ஐயா, இது மரத்தில் காய்க்கும் காய்’ என்றுகூட ஒன்றில் எழுதினார். பதிலுக்கு ஒரு புகார் எண் வந்தது. கடைசியில் சந்தை, அரசு, ஏலம் என்று ஒவ்வொரு பக்கமாக அவரே அனுமதிப் பட்டியலில் ஏற்றினார். பாக்கு, புகையிலை, வாய் என்ற மூன்றும் சேர்ந்து வரும் பக்கங்கள் மட்டும் போதைப்பொருள் கணக்கிலேயே தங்கிவிட்டன. அவற்றைத் திறக்கச் சொல்லி எங்கள் சங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு. கோருபவர் பெயர், எந்தப் பக்கம், என்ன காரணம். செயலாளர் ஹெப்பார் கையெழுத்துப் போட்டதும் ஒரு பிரதியை அவர் அறை வாசலில் இருக்கும் ஆணியில் குத்தி வைக்க வேண்டும். அது இயக்குநர்கள் பார்ப்பதற்காம். பார்ப்பது ஊர் முழுக்க. தபால்காரர்கூட நின்று வாசித்துவிட்டுத்தான் போவார்.

அந்த ஆணியில் இருப்பதில் பாதி பட்டின் பெயரில் இருக்கும். முதலில் எனக்குப் புரியவில்லை. வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விற்கும் பக்கம், கோருபவர் சுப்ராய பட். அவருக்கோ தலை நிறைய முடி. மறுமணத்துக்கு வரன் தேடும் பக்கம், கோருபவர் சுப்ராய பட், காரணம் சொந்தத் தேவை. சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த அவர் மனைவி மகாலட்சுமி அதை நின்று வாசித்தார். “யாராவது கிடைச்சா சொல்லுங்க. நாளையிலேர்ந்து டப்பாவை அவ கொண்டுவரட்டும், நான் அம்மா வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கறேன்” என்று சொல்லி டப்பாவை நீட்டினார். பட் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு விஷயம் விளங்கியது, ‘திருநெல்வேலியில் வாடகை வீடு, கோருபவர் சுப்ராய பட்’ என்ற படிவத்தைப் பார்த்த அன்று. இருபத்து மூன்று வருஷம் இந்தக் கன்னட ஊரில் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ஊர் திரும்பிவிடலாமா என்று வீடு தேடிக்கொண்டிருந்தவள் நான். மறிக்கப்பட்ட பக்கங்களின் பட்டியல் தினமும் காலையில் பட்டுக்கு வரும். கணினி எண், பக்கம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். யார் எதற்குத் தவிக்கிறார்கள் என்பது இந்தச் சங்கத்தில் அவருக்கு மட்டும் தெரியும். அவர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஆடி மாத மழையைச் சபித்துக்கொண்டே நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்பது வேறு கதை.

இந்த ஜூலையில் பட்டியலில் ஏழாம் எண் கணினி வரத் தொடங்கியது. ஏழாம் எண் களத்தில், தரம் பிரிக்கும் ஹெக்டேயின் மேசையில் இருக்கிறது. ஹெக்டே என்று மட்டும் எழுதுகிறேன். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹெக்டே மேல்தான் விழும். இதை எழுத பட் சம்மதிக்கவில்லை, ஹெக்டே சம்மதித்தார்.

ஹெக்டேயின் கன்னத்தில் எப்போதும் வெற்றிலைக் கவளம் அடக்கியிருக்கும். குரல் களத்தின் அந்தக் கோடி வரை போகும். போன வருஷம் பாக்கைப் பற்றி எச்சரிக்க வந்த ஒரு இளம் டாக்டரை, “நாப்பது வருஷமா போடறேன். வந்து பாருய்யா என் வாயை, பாறை மாதிரி இருக்கு!” என்று கூட்டத்திலேயே துரத்தியவர். கைத்தட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அந்த மனிதர் ஒரு மாதமாகச் சத்தம் போடவில்லை. மத்தியானம் வெறும் மோர்சாதம் கொண்டுவந்தார்.

பட்டியலைப் பார்த்துவிட்டு பட் அந்தப் பக்கத்தைத் தன் கைபேசியில் திறந்தார். ஹுப்பள்ளியில் ஒரு மருத்துவமனை. வாய்ப் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்க்கும் முகாம். பெயரை அந்தப் பக்கத்தில்தான் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. விட்டால் அடுத்தது தீபாவளிக்குத்தான். ஹெக்டேயிடம் இருப்பது பொத்தான் போன். வெளியே எந்த இன்டர்நெட் கடைக்குப் போனாலும் தெரிந்த முகம். ஆகையால் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏழாம் எண்ணில் திறக்கப் பார்த்திருக்கிறார், ஒரு வாரத்தில் பதினான்கு முறை. பதினான்கு முறையும் அந்தச் சிவப்புத் திரை அவரைத் திருடனைப் போல நிறுத்தியிருக்கிறது.

இதெல்லாம் பட் என்னிடம் சொன்னதில்லை, பின்னால் ஹெக்டே சொல்லித் தெரிந்தது. திங்கட்கிழமை, “கோமதியக்கா, ஹெக்டே சரியா சாப்பிடறாரா?” என்று மட்டும் கேட்டார். செவ்வாயன்று களத்துக்குப் போய், ஹெக்டே எதிரில் கால்மணி நேரம் நின்று, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். புதன்கிழமை மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்து வைத்துத் தன் கைபேசியை ஹெக்டே மேசையில் மறந்ததுபோல வைத்துவிட்டு வந்தார். இரண்டு நிமிஷத்தில் ஹெக்டே அதைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து கொடுத்தார். “பொருளை இப்படியா போட்டுட்டு வருவீங்க பட்ரே?”

வியாழக்கிழமை முழுக்க ஒரு படிவம் அவர் மேசையில் கிடந்தது. கோருபவர் என்ற இடத்தில் தன் பெயரும், அதற்குக் கீழே மருத்துவமனைப் பக்கத்தின் முகவரியும் எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்துக்குப் பேனா போவதும் திரும்புவதுமாக இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. பட்டும் பதினெட்டு வயதிலிருந்து கவளம் போடுகிறவர். எண்ணெயும் வரனும் எழுதிய கைக்கு நோயை எழுத வரவில்லை. தன் பெயருக்குக் கீழே எழுதினால் பலித்துவிடும் என்று பயந்தார். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன்.

“பட்ரே, நான் வேணா என் பேர்ல...” என்றேன்.

“நீங்க வெத்தலையே போடறதில்லையே அக்கா. யாரு நம்புவா?” என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எழுதினார். காரணம்: வாயில் ஆறாத புண். எல்லாக் கணினிகளிலும் திறந்துவிட அனுமதி வேண்டும்.

படிவத்தை நான்தான் ஹெப்பார் அறைக்குள் கொண்டுபோனேன், பட் பின்னாலேயே வந்தார். ஹெப்பார் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“என்ன பட்ரே இது? எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளா.”

“எங்கே, வாயைத் திறங்க. பார்க்கறேன்.”

பட் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். போதாதென்று மேலே கையையும் வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஹெப்பார் கையெழுத்துப் போட்டார். பிரதியை நான் ஆணியில் குத்தினேன்.

நாலு பத்துக்கு பட் அந்தப் பக்கத்தை அனுமதிப் பட்டியலில் ஏற்றினார். என் கணினியில் வந்தது, பாகீரதிக்கும் வந்தது. ஏழாம் எண்ணில் மறுபடி சிவப்பு. பதினான்கு முறை மறித்த பழைய பதிலை அந்தக் கணினியில் இருந்த மென்பொருள் மறக்காமல் வைத்திருந்தது. பட் குடைகூட எடுக்காமல் மழையில் களத்துக்கு ஓடினார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

“ஹெக்டேரே, எழுந்திருங்க. இந்த மெஷினுக்கு ஒரு வேலை பாக்கி.”

“இப்பவா?”

“இப்பவே.”

பழைய பதில்களை அழித்து, கணினியை அணைத்து மறுபடி கிளப்பினார். அது சங்கத்திலேயே கிழட்டுக் கணினி. எழுந்து உட்கார இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. மூன்று பேரும் அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாலு முப்பத்தெட்டுக்குத் திரை வந்தது. பட் முகவரியைத் தட்டவில்லை. வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, “முடிஞ்சது, நீங்க உக்காருங்க” என்று வெளியே வந்து, மூட்டைகளைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றார். உள்ளே ஹெக்டே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. நடுநடுவே நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பட் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஐந்துக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது ஹெக்டே வாசலுக்கு வந்தார்.

“பட்ரே. மெஷின் இப்போ சரியா இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் பட், திரும்பாமலே.

சனிக்கிழமைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, சுப்ராய பட்டுக்கு வாயில் புண்ணாம். மகாலட்சுமிக்கு மட்டும் அவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், அந்த அம்மாள் யார் ஆறுதல் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டார். ஹெப்பார் முகாம் நாளுக்குச் சங்கத்து ஜீப்பையே ஏற்பாடு செய்துவிட்டார். “தனியா போகக் கூடாது, துணைக்கு யார் வேணும்?” என்று கேட்டார். “ஹெக்டே வரட்டும்” என்றார் பட்.

புறப்பட்ட காலையில் சங்கமே வாசலில் நின்றது. பாகீரதி மாரிகாம்பா கோயிலில் பட் பெயருக்கு அர்ச்சனை செய்து, குங்குமமும் ஒரு செம்பருத்தியும் கொண்டுவந்திருந்தாள். “ஒண்ணும் இருக்காது பட்ரே. அம்மன் பார்த்துப்பா” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பட் குங்குமம் இட்டுக்கொண்டு, பூவைக் காதில் செருகிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் ஹெக்டே, பட்டின் பையையும் தன் பையையும் தூக்கிக்கொண்டு, யாரும் கவனிக்காத ஆளாக நின்றார். இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள்.

ஜீப் சாலையில் திரும்பியபோது பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பட் காதிலிருந்த பூவை எடுத்து, ஹெக்டேயின் சட்டைப் பைக்குள் வைத்து, அது கசங்காதபடி பையின் வாயை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.